பள்ளிப்படையும் சமாதித் தோப்பும்

சிதம்பரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்ரீ நடராஜப் பெருமானைத் தரிசிக்கப் போகிறவர்கள். மற்றவர்கள் அண்ணாமலை சர்வகலாசாலையில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள். நான் இந்த இரு கூட்டத்திலும் சேராமல், ஓர் ஊரின் பெயர் மனத்தைப் பிடித்துக்கொண்ட காரணத்தால் போனேன். சிதம்பரத்தை ஒட்டினாற்போல் இருக்கும் அந்த ஊருக்குப் பள்ளிப்படை என்று பெயர்.

பால்காரரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நாள்தோறும் பத்து முறை உச்சரிக்கும் பெயர் அது. ஆனால் அதன் பொருளை நினைத்துக்கொண்டு உச்சரிப்பவர்கள் எத்தனை பேர்? பள்ளி என்றால் படுக்கை. பள்ளியறை, பள்ளியெழுச்சி என்ற சொற்களில் இருப்பதும் இதே பள்ளிதான். மாண்டுபோன அரசரையோ அரசியையோ பள்ளிகொள்ளச் செய்து, அந்த இடத்தில் சிவலிங்கம் ஸ்தாபித்துக் கோயில் எடுத்தால் அதற்குப் பள்ளிப்படை என்று பெயர். 'பொன்னியின் செல்வ'னைப் படித்த நேயர்களுக்குத் திருப்புறம்பியத்துப் பள்ளிப்படை ஞாபகம் இருக்கும். நள்ளிரவில் சதிகாரர்கள் கூடிப் பேசும் இடம் அதுதான். கங்க மன்னன் பிருதிவீபதி போரில் விழுந்ததன் நினைவு அந்த இடத்துக்கு உண்டு.

சோழர்கள் சாவைச் சாவு என்று சொல்லமாட்டார்கள். 'துஞ்சினார்' என்பார்கள், அதாவது தூங்கினார். சுந்தர சோழர் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. தக்கோலப் போரில் யானை மீதிருந்தபடியே உயிர் விட்ட இராஜாதித்தர் 'ஆனைமேல் துஞ்சின தேவர்'. இப்படித் துஞ்சியவர்களுக்கு வாரிசுகள் எடுப்பித்த கோயில்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. முதலாம் ஆதித்த சோழருக்கு அவருடைய மகன் முதலாம் பராந்தகர் காளஹஸ்திக்கு அருகே தொண்டைமானாட்டில் பள்ளிப்படை எடுப்பித்தார். அரிஞ்சய சோழருக்கு அவருடைய பேரனான முதலாம் இராஜராஜர் வேலூர்ப் பக்கத்து மேல்பாடியில் எடுப்பித்தார். பழுவேட்டரையர் குலத்தில் பிறந்த பஞ்சவன் மாதேவிக்கு, அவருடைய வயிற்றில் பிறக்காத மகனான முதலாம் இராஜேந்திரர் பழையாறையில் எடுப்பித்தார். சிற்றன்னைக்கு இப்படிச் செய்த மகனைப் பற்றி நம் வீட்டுப் பாட்டிமார் கேட்டால் மிகவும் சந்தோஷப்படுவார்கள்.

கோயிலை எடுத்துவிட்டால் ஆயிற்றா? அதற்குப் பிறகுதான் சங்கடமே ஆரம்பமாகிறது. நாளைக்கு யார் விளக்கேற்றுவது? நாளன்றைக்கு? நூறு வருஷம் கழித்து?

இதற்குச் சோழ நாட்டார் கண்டுபிடித்த ஏற்பாடு அலாதியானது. இரவும் பகலும் அணையாத ஒரு நந்தா விளக்குக்கு ஆடுகளைத் தானமாக விடுவார்கள். தஞ்சைப் பெரிய கோயில் சாசனங்களில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஆடுகளை வாங்கிக்கொண்ட மன்றாடி தினந்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு செத்தால் குட்டி அதன் இடத்துக்கு வந்துவிடும். மந்தையில் எண்ணிக்கை மட்டும் ஒருநாளும் குறையக்கூடாது. அதனால் இவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர் வைத்தார்கள். தனித்தனி ஆடு சாகும், மூப்பும் அடையும். ஆனால் மந்தைக்குச் சாவும் கிடையாது, மூப்பும் கிடையாது! இதை எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. நெய்ப் பொறுப்பை இவர்கள் பிள்ளை பேரன்மார் தலையில் கட்டவில்லை. அதை ஊர் இடையரிடம் ஒப்படைத்து, அவருடைய பிழைப்பையும் அதிலேயே பிணைத்துவிட்டார்கள். பேரன் மறந்துவிடுவான் என்பது பாட்டனாருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர்கள் எண்ணியது பொய்க்கவில்லை. சோழ வம்சத்தின் ஆட்சி 1279-ஆம் ஆண்டோடு முடிந்தது. மேல்பாடிக் கோயில் இன்னும் நிற்கிறது. பழையாறைக் கோயிலும் நிற்கிறது. ஆனால் அரிஞ்சயேச்சுரம் என்ற பெயர் போய்ச் சோழேச்சுரம் ஆகிவிட்டது. பஞ்சவன் மாதேவீச்சுரத்தை இராமநாதன் கோயில் என்றால்தான் வழி சொல்வார்கள். குடும்பத்தின் பெயர் போய்விட்டது, சுவாமிக்குப் பூசை நின்றிருக்கிறது.

அரசர்கள் விஷயம் இப்படியிருக்க, சாமானியர்கள் என்ன செய்தார்கள்? சிதம்பரத்தில் நின்றுகொண்டு சமாதியைப் பற்றிக் கேட்பதே ஒரு விநோதம். அங்கே பெரியவர்கள் சிலர் சமாதி வைக்காமலே மறைந்தார்கள். மாணிக்கவாசகர் சந்நிதியில் கலந்தார். நந்தனார் நெருப்பில் மூழ்கி எழுந்து மறைந்தார். அந்தத் தில்லையோடு பெயர் பிணைந்த திருமூலரோ, திருமந்திரத்தில் சமாதிக் கிரியை என்றே ஒரு பகுதி பாடி வைத்திருக்கிறார். ஞானியின் உடலைத் தீயில் இடலாகாது. இட்டால் நாடு வெப்பத்தால் வாடும் என்பது அவர் கட்சி. எங்கே புதைக்கலாம் என்பதற்கும் ஜாபிதா கொடுக்கிறார்: தன் மனையின் பக்கம், சாலையோரம், குளக்கரை, ஆற்றின் நடுவிலுள்ள திட்டு, பூஞ்சோலை, ஊரில் நல்ல மண், காடு, மலைச்சாரல். ஜாபிதாவில் முதலாவதாகத் தன் வீட்டு மண் நிற்பதைக் கவனியுங்கள். நம் நாட்டுப்புறத்தில் வயல் மூலையிலும் கிணற்று மேட்டிலும் தென்படும் குடும்பச் சமாதிகளைப் பார்க்கும்போது இது ஞாபகம் வரும். துறவியருக்கும் ஞானியருக்கும் சொன்னதைக் குடியானவரும் தம் பாட்டனாருக்குச் சுவீகரித்துக்கொண்டார் போலும். பாட்டனார் ஞானியா இல்லையா என்று யார் விசாரிக்கப் போகிறார்கள்?

சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாக வடக்கே வந்தால் வடலூர். புதைப்பதா சுடுவதா என்னும் கேள்வியை இந்த ஜில்லாவில் உரத்த குரலில் எழுப்பியவர் அங்கே இருந்தார். சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி பிறந்த இராமலிங்க சுவாமிகள், இறந்தவரைச் சுடக்கூடாது, புதைக்கவேண்டும் என்று அன்பர்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னார். 'சமாதி வற்புறுத்தல்' என்ற தலைப்பிலேயே பாடினார். கருமாதியும் திதியும் வேண்டாம் என்றார். சாவு என்பது ஒரு தூக்கம், தூங்கினவர் எழுவார் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. சோழர்களுடைய 'துஞ்சினார்' என்ற சொல்லே எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு கழித்து வேறொரு வாசலால் உள்ளே வந்ததுபோல் இருக்கிறது அல்லவா?

ஆனால் அவருக்கே சமாதி கிடையாது. 1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் சித்தி வளாகத்து அறைக்குள் சென்று கதவைத் தாழிடச் செய்தார். அப்புறம் அவரைக் கண்டவர் இல்லை. 1906-இல் தென்னார்க்காடு ஜில்லா கெஜட்டியரை எழுதிய டபிள்யூ. பிரான்சிஸ் துரை, அந்த அறை அப்பொழுதும் பூட்டியே இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். உத்தியோக நடையில் எழுதிக்கொண்டே வருகிறவருடைய பேனா அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்லறை இல்லாத இடத்தில் எதைப் பராமரிப்பது? வடலூரில் அடுப்பைப் பராமரிக்கிறார்கள். 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்து வருகிறது. பசியோடு வந்தவர்களுக்கு அதில் சமைத்துப் போடுகிறார்கள். பார்வதிபுரத்தார் சுமார் 80 காணி நிலம் கொடுத்து உதவினார்கள் என்பது ஊரார் சொல்லும் செய்தி. நெய் விளக்குக்குப் பதில் சோற்று அடுப்பு, ஆட்டு மந்தைக்குப் பதில் அன்பர் கூட்டம். ரத்த பந்தத்தை நம்பாமல் செய்த ஏற்பாடு என்ற வகையில் இரண்டும் ஒரே ஜாதி.

அங்கிருந்து கடலூர். தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியதும், பீரங்கியை நாற்புறமும் சுட்டுக் குண்டு விழுந்த எல்லை வரை தங்களுடையது என்று சேர்த்துக்கொண்டதும் பள்ளிப் பாடத்தில் வந்த கதைதான். 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அதனால் வந்தது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த 1746-லிருந்து 1752 வரை கம்பெனியாருக்கு இதுவே தலைமை ஸ்தலம். 1758-இல் லாலி பிடித்துக் கோட்டையை இடித்துத் தள்ளினான். கோட்டை போய்விட்டது; கம்பெனியும் போய்விட்டது. ஐரோப்பியரின் கல்லறைகள் மிஞ்சின.

அவற்றைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். அழையாத விருந்தாளியாக வந்து வீட்டையே எடுத்துக்கொண்டவனுடைய கல்லறைக்கு நாம் ஏன் புல் செதுக்கவேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலத்து வெள்ளைக்காரர் கல்லறைகளில் கைக்குழந்தைகளுக்கு உரியவை மிக அதிகம். வயதை வருஷம், மாதம், நாள் என்று பிரித்துப் பொறித்திருப்பார்கள். வருஷம் என்ற இடமே இல்லாமல் மாதத்திலிருந்து தொடங்கும் கல்லும் உண்டு. பேதியிலும் காய்ச்சலிலும் போன பிஞ்சுகள். இவை எந்த நாட்டையும் பிடிக்கவில்லை.

இந்தக் குடும்பங்கள் கப்பலேறிப் போய்விட்டன. கல் மட்டும் பேசவேண்டும், கல்லோ கடற்காற்றில் உதிர்கிறது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் சிவில் உத்தியோகஸ்தர் சென்னை ராஜதானி முழுவதும் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1905-இல் புத்தகமாக்கினார். அதில் தென்னார்க்காட்டுக் கல்லறைகளும் உண்டு. 1976-இல் தியன் வில்கின்சன் என்பவர் இங்கிலாந்தில் ஒரு சங்கம் தொடங்கினார். தெற்காசியாவெங்கும் கிடக்கும் ஐரோப்பியக் கல்லறைகளைப் பதிவு செய்வதும், முடிந்த இடத்தில் செப்பனிட உதவுவதும் அதன் வேலை. திரட்டிய பதிவுகளைப் பிரிட்டிஷ் நூலகத்தில் சேர்த்து வைக்கிறார்கள். கல் உதிர்ந்தாலும் காகிதம் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. சோழர் கல்லை நம்பினார்கள், இவர்கள் காகிதத்தை நம்புகிறார்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, குறிஞ்சிப்பாடிச் சாலையில் ஒரு சிற்றூருக்குப் போனேன். செம்மண், முந்திரிக்காடு, அங்கங்கே பலாமரம். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பங்காளிகளுக்குள் பத்திரம் முடிவாகாத விவகாரம் ஒன்று அதில் இருக்கிறது.

ஊருக்கு வெளியே மூன்று சென்ட் நிலம். அதற்குச் சமாதித் தோப்பு என்று பெயர். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மேடைகள் ஒரே வரிசையில் கிழக்கு மேற்காக நிற்கின்றன. ஆகப் பழையதன் மேல் ஒரு சிறு லிங்கம். அடுத்ததில் துளசி மாடம். மற்றவற்றில் விளக்கு வைக்க ஒரு பிறை மட்டும். பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை. எது யாருடையது என்பது வரிசை முறையாகப் பெரியவர்களின் வாய்க்கணக்கில் இருக்கிறது. காட்டன் துரை வந்திருந்தால் குறிப்புப் புத்தகத்தை மூடிக்கொண்டு திரும்பியிருப்பார்.

என்னை அழைத்துக்கொண்டு போன பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "செருப்பை இங்கேயே விட்டுடுங்க தம்பி" என்றார். விட்டேன்.

"இது என் பாட்டனாருக்குப் பாட்டனார். இந்த ஜில்லாவிலே பஞ்சம் வந்தப்ப இங்கே வந்து குடியேறினவர். அது அவர் சம்சாரம். நடுவிலே சின்னதா இருக்குதே, அது என் அண்ணன். மூணு வயசு."

"எல்லாருக்கும் விளக்கு ஏற்றுவீர்களா, ஐயா?"

"அமாவாசைக்கு எல்லாருக்கும். வெள்ளிக்கிழமைக்கு அவர் ஒருத்தருக்கு" என்று லிங்கம் இருந்த மேடையைக் காட்டினார். "எண்ணெய் விக்கிற விலையிலே பெரியவருக்கு மட்டும்தான் கட்டுப்படியாகுது. மத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. பிள்ளைங்கதானே!"

சமாதியைப் பேணுவதன் நுட்பங்களை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். முதல் சத்துரு அரசங்கன்று. காக்கை எச்சத்தில் வந்த விதை விரிசலில் முளைக்கும். மேலே வெட்டினால் வேர் உள்ளே பருத்து மேடையையே பிளந்துவிடும். விரலளவில் இருக்கும்போதே வேரோடு பிடுங்கவேண்டும். பிடுங்க வராவிட்டால் தண்டைக் கீறிப் பெருங்காயம் வைத்துக் கொல்கிறார்கள். இரண்டாவது சத்துரு சிமெண்டு. ஒரு மருமகப்பிள்ளை பட்டணத்திலிருந்து வந்து, பக்தியோடு இரண்டு மேடைகளுக்குச் சிமெண்டு பூசிவிட்டுப் போனாராம். சுண்ணாம்புக் கட்டு ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. ஈரம் உள்ளேயே அடைபட்டு, சில வருஷத்தில் செங்கல் பொரிந்து சிமெண்டு பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்துவிட்டது. இப்போது தை அமாவாசைக்கு முன்னால் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிப்பதோடு சரி. மூன்றாவதாக வந்தது புயல். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூர்ப் பக்கம் கரையேறி முந்திரியையும் பலாவையும் பெயர்த்து எறிந்ததே, அன்றைக்கு இங்கே இருந்த கிழட்டுப் பலாமரம் வரிசையின் கடைசி மேடை மேல் சாய்ந்தது. மரத்தை விற்ற பணத்தில் மேடையைக் கட்டினார்கள்.

இதெல்லாம் கையால் செய்து தீர்க்கக்கூடிய கஷ்டம். மற்றொன்று அப்படியல்ல. பெரியவருக்குத் தம்பிமார் இருவர். ஒருவருடைய மக்கள் சென்னையில், மற்றவருடைய மக்கள் கடல் கடந்து இருக்கிறார்கள். சுற்றியுள்ள நிலத்தை விற்றுவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். விற்கட்டும், ஆனால் கிரயப் பத்திரத்தில் 'சமாதித் தோப்பு மூன்று சென்ட்டும் அதற்குப் போகும் நடைபாதையும் நீங்கலாக' என்று எழுதவேண்டும் என்கிறார் பெரியவர். நடுவில் ஓட்டை விழுந்த நிலத்தை யார் வாங்குவார்கள் என்கிறார்கள் தம்பி மக்கள். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பாதையை எழுதாத பத்திரத்தில்தான் பயம். மூன்று சென்ட் நிலைத்து நின்றாலும், நாலு பக்கமும் வேலி போட்டுவிட்டால் விளக்கு எடுத்துக்கொண்டு ஆகாயத்தில் பறந்தா போகமுடியும்?

இன்னொரு செய்தியும் உண்டு. இந்த வரிசையில் இனிமேல் இடம் கிடைப்பது அரிது. 1999-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கிராம ஊராட்சி விதிகளின்படி, ஊராட்சியின் அனுமதியில்லாமல் புதிய இடுகாடு வைக்கக்கூடாது. குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் வைக்கவே கூடாது. தோப்புக்கு வெகு அருகில் குடிநீர்க் கிணறு வந்துவிட்டது. சுகாதாரத்தை நினைத்தால் விதியைக் குறை சொல்வதற்கில்லை.

"அப்படியானால் உங்களுக்கு?" என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவரே சொன்னார்: "எனக்கு ஊர் மயானம்தான். அங்கே நாலு பேரோடு நாலு பேரா கிடக்க வேண்டியதுதான்."

நாலு பேர் என்று அவர் சொன்னது காதில் இனிமையாக விழுந்தது. ஆனால் நம் கிராமங்கள் பலவற்றில் அந்த நாலு பேரிலும் பேதம் உண்டு. ஊருக்கு ஒரு மயானம், காலனிக்கு ஒரு மயானம். காலனியார் பிணம் எடுத்துப்போகப் பாதை இல்லாமல் வயல் வரப்பில் தூக்கிக்கொண்டு நடப்பதும், அதற்காக வழக்காடுவதும் நமக்குப் பெருமையான சமாசாரம் அல்ல. ஜாதி வேறுபாடில்லாத பொது மயானம் உள்ள சிற்றூருக்கு 10 லட்சம் ரூபாய் கொடுப்பதாக மாநில சர்க்கார் 2021-இல் அறிவித்தது. இதற்குப் பரிசு கொடுத்துக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தாலும், வாங்கிக்கொள்ளும் ஊர்கள் பெருகினால் நல்லது. தன் பாட்டனார் சமாதிக்கு நடைபாதை கேட்கிற பெரியவருக்கு மற்றவர் கேட்கும் பாதையும் புரியும் என்றே நினைக்கிறேன். அவரிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புரியுது" என்றார்.

தோப்பின் மூலையில் இரண்டு தென்னைகள் காய்த்துத் தொங்கின. காய் யாருக்கு என்று கேட்டேன். பக்கத்து நிலத்தில் பயிர் செய்யும் ஒரு குடும்பத்துக்காம். உறவு கிடையாது. நாலு வருஷமாகப் பெரியவருக்கு முட்டியில் வலி, தினமும் வரமுடியவில்லை. அதனால் அந்த வீட்டு அம்மாள் சமாதிகளைப் பெருக்கி, வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றிவிடுகிறார். கூலி என்று எதுவும் பேசவில்லை, இரண்டு மரத்துக் காயையும் அவர்களே இறக்கிக்கொள்கிறார்கள். மரம் கிழடானால் என்ன செய்வது என்று ஏற்பாடு உண்டா என்றேன். பெரியவர் என்னைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போய், வேலி ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த இரண்டு தென்னங்கன்றுகளைக் காட்டினார். போன ஆடியில் வைத்தவையாம். அந்த அம்மாள்தான் தண்ணீர் ஊற்றுகிறார்.